கார்பன் நகல்கள்: மனு எழுதியவர்களின் வரலாறு



வாத்தியாரின் படத்திறப்பு முடிந்த மறுநாள் அவருடைய மகள் எங்களைக் கூப்பிட்டு ஒரு தகரப்பெட்டியை ஒப்படைத்தார். "அப்பா இதை யாரையும் தொட விடமாட்டாருண்ணா. நீங்களே பாத்துக்குங்க" என்றார். உள்ளே புத்தகங்கள் இருக்கும் என்று நினைத்தோம். இருந்தவை மனுக்கள். தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் அவர் எழுதி அனுப்பியவற்றின் கார்பன் நகல்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பதிவுத் தபால் ரசீதை நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். நாங்கள் ஆறு பேர், எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம்.

பிரித்தோம் என்று சொல்வதே தவறு. அவரே பிரித்துத்தான் வைத்திருந்தார். மூன்று கட்டுகள். சிவப்பு மையில் தலைப்பு: "நிலம்", "குடும்பம்", "அடி, சாவு". ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் திண்ணையில் உட்கார்ந்து, வந்தவர் சொல்லச் சொல்ல எழுதியவை இவை. தபால் செலவைத் தவிர யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அவர் எழுதிய சில கவிதைகள் எங்கள் மன்றத்தின் மலர்களில் வந்திருக்கின்றன. ஆனால் அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த மனுக்கள்தான். இதையும் இலக்கியம் என்றே ஒரு இலக்கிய மன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதனால் இந்த ஆண்டுச் சொற்பொழிவை அந்த மூன்று கட்டுகளைப் பற்றியே வைத்துக்கொண்டோம்.

மூன்றையும் படித்து முடித்தபோது எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. நிலமோ கல்யாணமோ சாவோ எதுவாக இருந்தாலும், சண்டை கடைசியில் ஒரு பதிவேட்டில் இருந்த ஒரு சொல்லைப் பற்றியதாக இருந்தது. அந்தச் சொல்லை எழுதியவர் வேறு யாரோ. அது நம்முடையதாக இருந்தும் நமக்கு அதைப் படித்துக்காட்ட ஆள் இல்லை. வாத்தியார் செய்தது அந்த வேலை.

அவர் முதல் ஆள் அல்ல. தாழ்த்தப்பட்டோர் அரசியலின் வரலாற்றை எழுதும்போது நாம் மாநாடு, தீர்மானம், ஊர்வலம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த அரசியல் மனுவில் தொடங்கியது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாகி நம்மை ஆள்வார்கள் என்று சொல்லி 1893இல் ரெட்டமலை சீனிவாசன் ஒரு எதிர்மனு தயாரித்தார். 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அந்தக் கையெழுத்துகளை யார் வாங்கியிருப்பார்கள், எந்தத் தெரு விளக்கில் உட்கார்ந்து வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே சீனிவாசன் பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குப் புரியும் சட்ட மொழியில் மாற்றிச் சொல்லும் வேலை. நம் மூத்தவர்களில் ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தது எங்களுக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

இன்னொன்று. நம் மாவட்டங்களில் ஆட்சியர் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர். கன்றுக்காக மகனைத் தேரேற்றிய சோழனின் பெயராம். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொருவர் ஞாபகம் வருவதை யாரும் தடுக்க முடியாது. வாத்தியார் தன் மனுக்களில் ஒருமுறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை. "குறைகேட்பு நாளில் நேரில் அளித்தது" என்றுதான் எழுதியிருக்கிறார்.

முதல் கட்டு நிலம். மூன்றில் இதுதான் கனமானது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் எவரும் அந்த அறிக்கையைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதில் என்ன இருந்தது என்பதை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். உழைப்பவனிடம் நிலம் இல்லை, அதனால் கூலி பேச முடியவில்லை. குடியிருக்கும் இடமும் மிராசுதாரருடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். அரசாங்கத் தரிசைக் கேட்டுத் தர்க்காஸ்து போட்டால், அந்த ஊர் மிராசுதாரருக்கே முன்னுரிமை. மனு போட்டவன் போட்டதோடு சரி, நிலம் அவருக்குப் போகும். 1843இல் வந்த சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியிருந்தது. அதன் பிறகு ஆளை விற்க முடியாது என்பதால் கடன் பத்திரம் எழுதி ஆளைக் கட்டிப்போட்டார்கள். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரேகை வைத்தவனுக்குத் தெரியாது. நம் மக்களின் கை முதலில் பட்ட சட்ட ஆவணம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

டிரெமென்ஹீர் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மேலே இருந்தவர்கள் அவர் சொன்னதில் பலவற்றைத் தட்டிக்கழித்தார்கள். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ ஆணைகளை நம் இயக்கங்கள் தொடக்கமாகக் கொள்கின்றன. நிபந்தனை நிலம் பெருமளவில் ஒப்படைக்கப்பட்டது அதற்கு வெகுகாலம் கழித்து. 1919இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென ஓர் அதிகாரியை நியமித்து, அடுத்த ஆண்டு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கிய பிறகுதான் வேலை சூடுபிடித்தது. அந்தத் துறை மனைகளைக் கையகப்படுத்திக் கொடுத்தது. சும்மா அல்ல, தவணைக்கு. தலைமுறைகளாகத் தாங்கள் குடியிருந்த சேரி மண்ணுக்கே நம் பாட்டன்கள் தவணை கட்டியிருக்கிறார்கள். சேரி இலவசமாகக் கிடைத்தது என்று ஊரில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நிபந்தனைகள் எளிமையானவை. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கியவருக்கு ஒரு காசும் கிடைக்காது. வருவாய் வாரிய நிலையாணை 15இல் இது இருக்கிறது. கிராமத்து 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே, கடைசிக் கலத்தில், குறிப்பாக எழுதியிருப்பார்கள்: டி.சி. நிபந்தனைக்கு உட்பட்டது என்று. அந்த ஒரு வரிதான் நம் நிலத்துக்கு வேலி.

அந்த வேலி எப்படிப் போயிற்று என்பதை வாத்தியாரின் கட்டில் வரிசையாகப் பார்க்கலாம். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி ஒத்திக்கு விட்டது. வெற்று முத்திரைத்தாளில் பெருவிரல் ரேகை வைத்தது. பொது அதிகாரப் பத்திரம் என்று சொல்லி எழுதி வாங்கியது. இவையெல்லாம் தனி ஆட்கள் செய்த ஏமாற்று. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், யூ.டி.ஆர். என்று நாம் சொல்வது, வேறு விதம். கணக்குகளைத் திருத்திப் புதுப்பிக்கிறோம் என்று வந்தார்கள். அப்போது யார் அனுபவத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பெயர் பட்டாவில் ஏறியது. புதிய பதிவேட்டில் குறிப்புக் கலம் பல இடங்களில் காலியாக விடப்பட்டது. யாரும் நிலத்தைப் பிடுங்கவில்லை, சண்டை போடவில்லை, ஒரு வரியைப் புதுப் புத்தகத்தில் எடுத்தெழுதவில்லை, அவ்வளவுதான். மேடைகளில் நாம் சொல்லும் 12 லட்சம் ஏக்கர் கணக்கில் எவ்வளவு இப்படிப் போனது என்பதைக் கிராமம் கிராமமாகப் பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வாத்தியார் அதைச் செய்தார். அவர் வழியைச் சொல்லிவிடுகிறோம், குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய கணினிப் பட்டாவைப் பார்த்து மனம் உடையாதீர்கள், அது கடைசிப் பக்கம் மட்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி மூன்றைக் கேளுங்கள்: யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல், அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல், அந்தப் புலத்தின் ஒப்படைக் கோப்பு. பதில் 30 நாளில் வர வேண்டும். பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று போட்டால் யார் யாருக்குக் கிரையம் ஆனது என்ற வரிசை வரும். அந்த வரிசையில் முதல் விற்பனை எந்தத் தேதி, வாங்கியவர் எந்தச் சாதி என்பதுதான் வழக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைக் காட்டுவார். ஒருவருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, இனி விற்கவே கூடாது என்று நிபந்தனை போட்டால் அது செல்லாது என்பார். அது தனியார் கொடுத்த நிலத்துக்கு. 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டம் அமலில் இருந்தபோது அரசு கொடுத்த நிலம், ஒப்படை ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படியே நடக்கும். சொத்து மாற்றுச் சட்டம் அங்கே நுழையாது. இந்த ஒரு பத்தியை வாத்தியார் முப்பதுக்கும் மேற்பட்ட மனுக்களில் அப்படியே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். எங்களில் ஒருவர் இப்போது அதை மனப்பாடமாகச் சொல்கிறார்.

இன்னொன்றையும் அவரிடம் கற்றோம். நிபந்தனை மீறல் நிரூபணமானால் நிலம் முதலில் போவது அரசுக்கு, நம் குடும்பத்துக்கு அல்ல. அதனால் "மீட்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மீட்டுத் தரிசாகப் போட்டுவைப்பார்கள். "மீட்டு, அசல் ஒப்படைதாரரின் வாரிசுகளுக்கோ நிலமற்ற ஆதிதிராவிடருக்கோ மறுஒப்படை செய்ய வேண்டும்" என்று இரண்டையும் ஒரே மனுவில் எழுத வேண்டும். நிலத்தைச் சட்டவிரோதமாக அனுபவிப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமும்கூட. இது பலருக்குத் தெரியாது. நிலத் தகராறு சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போ என்று சொல்லும் காவல் நிலையத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தில் இதற்கென்றே 1978இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1984இல் அதை ஏற்றது. பின்னாளில் நியாயமான காலத்துக்குள் வரவில்லை என்று சொல்லி நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளத் தொடங்கியபோது, கால வரம்பு கிடையாது என்று 2023இல் திருத்தமும் செய்தார்கள். பஞ்சமி நிலம் பற்றி நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசும் தமிழ்நாட்டில் நாம் இன்னும் நிலையாணையின் ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்துத் திரண்டவர்கள் மீது அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்த வாரத் தேதியிட்ட மனு ஒன்று கட்டில் இருக்கிறது. வேறொரு ஊரின் வேறொரு புல எண்ணுக்காக எழுதியது. துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிட அழுத்தமாக இருக்கிறது, கார்பன் தாள் இரண்டு இடங்களில் கிழிந்திருக்கிறது.

இரண்டாவது கட்டு குடும்பம். இதைப் பிரிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நிலக் கட்டில் எதிரி வெளியே இருந்தார். இதில் பாதி மனுக்களில் எதிரி நம் அண்ணன் தம்பிகள்.

பெண்ணுக்குப் பங்கு இல்லை என்பதை நம் தெருக்களிலும் சட்டம் மாதிரிச் சொல்கிறோம். "1989க்கு முன்னாடி கட்டிக்குடுத்துட்டோம், அதனால பங்கு கெடையாது" என்ற வாக்கியம் எட்டு மனுக்களில் வருகிறது. அரைகுறையாகக் காதில் விழுந்த சட்டம் இது. 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. அதில்தான் முன்னரே கல்யாணம் ஆனவர்கள் விடுபட்டார்கள். அந்த விலக்கும் 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு தேய்ந்துவிட்டது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குப் பூர்வீகச் சொத்து இருக்கிறது? நம் அப்பாக்களிடம் இருந்தது அரசு அவர் பெயருக்கு ஒப்படைத்த அரை ஏக்கரும் மூன்று சென்ட் மனையும். அது அவருடைய தனிச் சொத்து. உயில் எழுதாமல் அவர் இறந்தால் 1956 சட்டப்படியே மகன், மகள், மனைவி, அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்வியே எழாது. கிறிஸ்தவக் குடும்பமென்றால் வாரிசுரிமைச் சட்டம் வேறு, அதிலும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதியில் மகனும் மகளும் சமம்.

வாரிசுச் சான்றிதழில் அக்கா தங்கையின் பெயரை விட்டுவிட்டு மனு கொடுப்பதும், "சும்மா ஒரு கையெழுத்து" என்று அவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதும் மிராசுதாரர் நம்மிடம் ரேகை வாங்கியதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நம் இயக்கத் தோழர்கள் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். வாத்தியார் ஒரு மனுவின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இவன் நம் கட்சிக்காரன். வருத்தம்."

கல்யாணத்தைப் பற்றிய மனுக்கள் வேறு வகை. சாதி மறுத்துக் கட்டிக்கொண்டவர்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். இங்கே சண்டை "திருமணம்" என்ற சொல்லுக்காக. பெண் வீட்டார் கொடுக்கும் புகாரில் அது "காணவில்லை" அல்லது "கடத்தல்". எந்தச் சொல் முதலில் பதிவாகிறதோ அதுவே ஓடும். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வலு தந்தது. புரோகிதரும் முன்னறிவிப்பும் வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, புரியும் மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். சிறப்புத் திருமணச் சட்டமென்றால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஓடி வந்தவர்களுக்கு அந்த 30 நாள் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வக்கீல் முன்னால் நடந்த 7ஏ திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, ஊரைக் கூட்டி அறிவிப்பதே ஆபத்தாக முடியலாம் என்று சொல்லி 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆனால் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் 7ஏ, சட்டத்தின் பார்வையில் பௌத்தரும் அதில் அடங்குவர். ஒருவர் கிறிஸ்தவரென்றால் சிறப்புச் சட்டம்தான். நம் தெருக்களில் பெயரும் மதமும் சான்றிதழும் மூன்று விதமாக இருப்பதால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் கடலூர்ப் பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்தவர்கள். ஜூலையில் இருவரையும் நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். போலீஸ் முதலில் முருகேசனின் உறவினர்களையும் சேர்த்தே குற்றவாளிகளாக்கியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2021 செப்டம்பரில் தீர்ப்பாகி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. 22 ஆண்டுகள். பதிவு இருந்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. அதனால் பதிவு ஆன அன்றே அதன் நகலோடு பாதுகாப்புக் கேட்கும் மனு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும், உள்ளூர் நிலையத்துக்கு மட்டும் போகக்கூடாது என்பதை வாத்தியார் கடைப்பிடித்தார். சேர்ந்த நேரத்தைக் காட்ட அதை எப்போதும் தந்தியாகவும் அனுப்பினார், தந்தி நிற்கும் வரை.

மூன்றாவது கட்டில் தலைப்பை அவர் ஏன் "அடி, சாவு" என்று சேர்த்து எழுதினார் என்று முதலில் புரியவில்லை. கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தவர், கிணறு தூர்வாரும்போது போனவர், சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கியவர், லாரி மோதியவர், ஊர்க் கலவரத்தில் வெட்டுப்பட்டவர், எல்லோரும் ஒரே கட்டில். பிறகுதான் பிடிபட்டது. எப்படிச் செத்தாலும் குடும்பத்துக்கு முதலில் வருவது ஓர் ஆள், கையில் ஒரு கவர், ஒரு வெள்ளைத்தாள். "ஆக வேண்டிய செலவுக்கு வெச்சுக்கம்மா, இதுல ஒரு கையெழுத்து."

1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு மருந்து இருந்தது. வேலையில் செத்தவருக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது, மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுத்தது மட்டும் கழிக்கப்படும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. காண்டிராக்டர் ஓடிவிட்டால் அவருக்கு வேலை கொடுத்த பெரிய முதலாளி கட்ட வேண்டும். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக, கவரை வாங்கிவிட்டோமே, கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கியிருக்கும் குடும்பங்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர்களுக்கு வெட்கம், அதனால் வரமாட்டார்கள்.

சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது, 1993 முதல் செத்த எல்லோருக்கும். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது. இந்தத் தொகை கிடைக்காமல் போவதும் ஒரு சொல்லால்தான். முதல் தகவல் அறிக்கையில் "தவறி விழுந்து" என்று எழுதிவிடுகிறார்கள். குழிக்குள் இறக்கியது யார், எதற்கு இறக்கினார் என்பது இல்லாமல் அது வெறும் விபத்து. உடலை வாங்குவதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலை வாங்கிப் படியுங்கள். சாலை விபத்தென்றால் தீர்ப்பாயத்துக்குப் போக இப்போது ஆறு மாதம்தான் அவகாசம், 2022 ஏப்ரலிலிருந்து. இதைத் தெரியாமல் தவறவிட்ட இருவரை எங்களுக்கே தெரியும்.

வன்கொடுமை வழக்கில் கொடுப்பதை அரசு "நிவாரணம்" என்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் கொடுப்பதும் நிவாரணம். செய்தித்தாளில் அது "கருணைத் தொகை" ஆகிவிடும். கொலையென்றால் 2016 திருத்த விதிகளின்படி 8.25 லட்சம், பாதி உடற்கூறாய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை போனதும். அதோடு ஓய்வூதியம், வேலை, நிலம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விதியில் இருக்கின்றன. அமைச்சர் வீட்டுக்கு வந்து காசோலை கொடுத்துப் படம் எடுத்துப் போனால் மற்றவை மறந்துபோகும். வாத்தியார் எந்த மனுவிலும் "கருணை கூர்ந்து" என்று எழுதியதில்லை. "விதி 12(4)இன்படி தரப்பட வேண்டியது" என்று எழுதினார். ஒரு அலுவலகத்தில் அதற்காக அவரை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்கள்.

கருணைக்கும் இழப்பீட்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்டால் நாங்கள் வாச்சாத்தியைச் சொல்கிறோம். 1992 ஜூனில் அந்தப் பழங்குடி ஊரில் அரசு ஊழியர்களே செய்த கொடுமைக்கு 2011இல் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்கள் 31 ஆண்டு அதற்காக நடந்தார்கள்.

பெட்டியின் அடியில் ஒரு அரசு உறை இருந்தது, பிரிக்காதது. வாத்தியார் இறந்து பத்து நாள் கழித்து வந்த தபால். அவர் கடைசியாகக் கேட்ட தகவலுக்குப் பதில்: தாங்கள் கோரிய பழைய பதிவேடு இவ்வலுவலகத்தில் காணப்படவில்லை, மேல்முறையீடு செய்ய விரும்பினால் 30 நாட்களுக்குள் செய்யலாம். நாங்கள் பார்க்கும்போது 30 நாள் தாண்டிவிட்டது, மேல்முறையீடு செய்ய வேண்டியவரும் இல்லை. புதிய மனு போடலாமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேர்லயே போடுங்க" என்றார். பிறகு தானே உட்கார்ந்து எழுதினார். காணவில்லை என்றால் அது காணாமல் போனதாக எந்தத் தேதியில், யாரால் பதிவு செய்யப்பட்டது என்று இரண்டாவது கேள்வியாகச் சேர்த்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 10 ரூபாய் வில்லையை ஒட்டினோம். நகல் எடுக்கக் கார்பன் தாள் தேடினோம், பெட்டியில் இருந்தவையெல்லாம் தேய்ந்திருந்தன. போனில் படம் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தோம். ரசீதை அவரே நூல் போட்டுத் தைத்தார்.